பயில்வான் வீட்டுப் பால் கணக்கு

கை இல்லாத பனியனுக்கு நம் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று முண்டா பனியன். மற்றொன்று சாண்டோ பனியன். இரண்டுமே கோதாவிலிருந்து வந்த பெயர்கள். தோளுக்குக் கீழே திரண்டிருக்கும் புஜத்தை முண்டா என்கிறோம். முண்டா தட்டினால் சண்டைக்கு வா என்று அர்த்தம். அந்த முண்டாவை மூடாமல் விடுகிறபடியால் அது முண்டா பனியன். அதைப் போட்டுக்கொள்கிற நம்மில் பெரும்பாலோருக்கு வெளியே காட்டும்படியாக முண்டா ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம்.

சாண்டோ என்பது ஒரு மனிதருடைய பெயர். யூஜின் சாண்டோ என்ற அந்த ஜெர்மானியர் 1867-ல் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்தில் அவருக்கு இட்ட பெயர் வேறு. மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் சாண்டோ. இரும்புக் குண்டுகளைத் தூக்குவார், சங்கிலியை மார்பை விரித்து அறுப்பார், மல்யுத்தமும் செய்வார். 1894-ல் அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஒரு சிங்கத்தோடு கூட மல்லுக்கு நின்றார். அந்தச் சிங்கத்துக்குச் சண்டையில் அவ்வளவு இஷ்டம் இருக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். லண்டனில் குடியேறி, தேகப்பயிற்சி சாலைகள் வைத்து, பத்திரிகை நடத்தி, பணமும் பெயரும் சம்பாதித்தார். 1904, 1905-ல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராக வித்தை காட்டினார். அவர் போன பிற்பாடும் பெயர் போகவில்லை. உடம்பை முறுக்கேற்றியவன் எவனாக இருந்தாலும் ‘சாண்டோ’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அவர்கள் போடும் கையில்லாச் சட்டைக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது.

சாண்டோ 1925 அக்டோபரில் காலமானார். திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி ஏற்பட்டதும் அதே 1925-ல்தான் என்று அவ்வூர்க்காரர்கள் சொல்கிறார்கள். இதை ஒரு பொருத்தம் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, சாண்டோவின் குடும்பக் கதை கண்ணில் பட்டது. மனைவி பெயர் பிளான்ச். இரண்டு பெண்கள். உலகத்திலேயே அழகான தேகம் என்று பெயரெடுத்த அந்த மனிதரை லண்டனில் பட்னி வேல் என்ற மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ஆனால் கல் வைக்கவில்லை. மனைவியின் விருப்பம் அது. ஏன் என்பதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். அவர் வீட்டில் இருந்த நாட்களைவிட வெளியில் இருந்த நாட்களும், வெளியில் உண்டான சிநேகிதங்களும் அதிகம் என்பதில் மட்டும் எல்லாருடைய பேச்சும் ஒன்றாக இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2002-ல் ஓர் அபிமானி கல் நாட்டினார். 2008-ல் மகள் வழி வந்த கொள்ளுப்பேரன் அதை மாற்றி, இளஞ்சிவப்புப் பாறை ஒன்றை நிறுத்தி, சாண்டோ என்ற ஒரே சொல்லைப் பொறித்து வைத்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விபரீத ஆசை. பயில்வான்களைப் பற்றி எது படித்தாலும், யாரைத் தூக்கி எறிந்தார், எத்தனை நிமிஷத்தில் எறிந்தார் என்பதை விட்டுவிட்டு, அவர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

நம் கொங்கு நாட்டில் இதற்குத் தோதான ஆள் ஒருவர் இருந்தார். சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். சினிமா எடுத்த தேவராகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன்பு அவர் கோவை ராமநாதபுரத்து மில் தொழிலாளி. 1915-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பங்கஜா மில்லில் மாதம் ஒன்பது ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு மோட்டார் கம்பெனி வேலை, பால் வியாபாரம், அரிசி வியாபாரம், சோடாக் கடை. இத்தனைக்கும் நடுவில் சிநேகிதர்களுடன் சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலை என்று ஒன்று நடத்தினார். சாண்டோ பட்டம் வந்தது அந்த வழியில்தான்.

அந்த நாளில் மில் ஊர்களில் தேகப்பயிற்சி சாலை இல்லாத பேட்டை அபூர்வம். பகலெல்லாம் பஞ்சுத் தூசியை விழுங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் தண்டால், பஸ்கி, கர்லாக் கட்டை என்று இன்னும் இரண்டு மணி நேரம் வியர்வை சிந்துவார்கள். பகல் முழுவதும் யந்திரத்துக்கு உழைத்த உடம்பை எதற்காக மறுபடியும் வருத்திக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றும். மில்லில் உழைத்தது முதலாளியின் உடம்பு; சாலையில் உழைத்தது தன் உடம்பு. இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

கோவையில் அப்போது சினிமா ஸ்டூடியோக்கள் இருந்தன. தேவர் அங்கே சண்டைக் காட்சிகளில் அடி வாங்கவும் கொடுக்கவும் போனார். சிறு வேஷங்கள் போட்டுக்கொண்டிருந்த எம்.ஜி.ஆருடன் அங்கேதான் நெருக்கம். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக வந்த ‘ராஜகுமாரி’யில் (1947) அவருடன் மோதுகிற பலசாலி தேவர். 1956-ல் தேவர் பிலிம்ஸ் ஆரம்பமாயிற்று. எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் பதினாறு படங்கள். 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ இந்தியா முழுவதும் ஓடியது. நடிகர்களுக்குச் சம்பளத்தை முன்னதாகவே மொத்தமாகக் கொடுத்துவிடுவார். சொன்ன தேதியில் படம் வெளிவரும் என்பார்கள்.

எனக்கு வியப்பு அவருடைய வெற்றியில் இல்லை. அவர் படங்களுக்கு வைத்த பெயர்களில். ‘தாய்க்குப்பின் தாரம்’, ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘தாயைக் காத்த தனயன்’, ‘குடும்பத் தலைவன்’, ‘நீதிக்குப்பின் பாசம்’, ‘தாய்க்குத் தலைமகன்’. பட்டியலை மட்டும் கொடுத்து, இவற்றை எடுத்தவர் என்ன தொழில் பார்த்தவர் என்று கேட்டால், கல்யாணத் தரகர் என்றுதான் சொல்லத் தோன்றும். படத்துக்குள்ளே மாட்டோடு சண்டை, சிறுத்தையோடு சண்டை எல்லாம் உண்டு. ஆனால் சண்டை போட்டு முடித்தவன் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே தாய் இருப்பாள், அவளுக்குப் பின் தாரம் இருப்பாள். தம்பி எம்.ஏ. திருமுகம் இந்தப் படங்களை டைரக்ட் செய்தார். மருமகன் ஆர். தியாகராஜன் பிற்பாடு டைரக்டர் ஆனார். ஒரு மனிதர் தன் முண்டாவை முதலாக வைத்து, அது தளருவதற்குள் அதைக் குடும்பச் சொத்தாக மாற்றிவிட்டார். 1978 செப்டம்பரில் அவர் காலமானபோது அவர் விட்டுப் போனது ஒரு பட நிறுவனம்.

எல்லாப் பயில்வான்களுக்கும் இப்படி வாய்த்துவிடவில்லை. இதைப் பற்றி நான் அதிகம் தெரிந்துகொண்டது புத்தகத்திலிருந்து அல்ல. திருப்பூரில் ஒரு பழைய கட்டிங் மாஸ்டரிடமிருந்து.

அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காதர்பேட்டையில் பனியன் வாங்கப் போன இடத்தில், ஒரு சிநேகிதர் அறிமுகம் செய்து வைத்தார். முதலில் நான் பார்த்தது அவருடைய இடது காதைத்தான். காது இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கிய முந்திரிப் பழம் ஒட்ட வைத்தாற்போல இருந்தது. குஸ்தி போடுகிறவர்களுக்குக் காது மடலில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்; அது அப்படியே இறுகிவிட்டால் பிறகு ஆயுள் முழுவதும் அந்த உருவந்தான். உலகத்தில் எந்த ஊர் பயில்வானையும் காதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

“வெள்ளெனே வந்தீங்கன்னா வூட்டுல பேசலாமுங்க தம்பி,” என்றார். மறுநாள் காலை போனேன்.

பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, இருபது வயதில் பனியன் கம்பெனிக்கு வந்தவர். ஊர்த் தேர்நோம்பிகளில் குஸ்தி போடுவார். ஜெயித்தால் ஒரு வேட்டி, ஒரு துண்டு, பத்து ரூபாய். பெரிய இடமாக இருந்தால் இருபத்தைந்து. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வரும்படி. உடம்பு கேட்கிற செலவோ வருஷம் முழுவதும்.

1968-ல் கல்யாணம். அந்த வருஷத்துக் கணக்கை அவர் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். வாரக் கூலி 22 ரூபாய். பால் தினம் ஒரு லிட்டர், ரூபாய்க்கு ஒரு லிட்டர் வீதம் வாரத்துக்கு 7 ரூபாய். முட்டை நாளுக்கு ஆறு, ஒன்று 15 பைசா. வாரத்துக்கு 6 ரூபாய் 30 பைசா. மீதி 8 ரூபாய் 70 பைசா. அதில் வீட்டு வாடகை, அரிசி, பருப்பு, விறகு, சீமெண்ணெய், கிராமத்தில் இருந்த தாயாருக்கு அனுப்ப வேண்டியது.

“பாதாம் பருப்பு?” என்றேன். வட நாட்டுப் பயில்வான்கள் பாதாம் அரைத்துக் குடிப்பதாகப் படித்த ஞாபகம்.

மாஸ்டர் சிரித்தார். “பாதாமெல்லாம் மகாராசா வெச்சுப் பாக்கறவங்களுக்குங்க. நம்மளுக்குக் கள்ளக்காய்தானுங்க பாதாம்.”

மகாராஜா என்று அவர் சொன்னது விளையாட்டாக இருக்கலாம். விஷயம் உண்மை. காமா பயில்வானைப் போஷித்தது பாட்டியாலா மகாராஜா. 1910-ல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு தரையாகக் கிடந்து காமாவிடம் தப்பித்தார். குறிப்பிட்ட மறு தேதியில் வரவே இல்லை. 1928-ல் அதே ஸ்பிஸ்கோவைப் பாட்டியாலாவில் ஒரு நிமிஷத்துக்குள் காமா சாய்த்தார். இது எல்லாரும் அறிந்தது. அவருடைய ஆண் குழந்தைகள் எல்லாரும் சிறு வயதிலேயே இறந்து போனதை அவ்வளவு பேர் அறிய மாட்டார்கள். தேசப் பிரிவினைக்குப் பிறகு லாகூரில் இருந்தார். மகாராஜாவும் இல்லை, மானியமும் இல்லை. உடம்பு நலிந்து மருந்துக்கே தட்டுப்பட்டபோது, மில் முதலாளி பிர்லா இந்தியாவிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பியதாகச் சொல்வார்கள். 1960-ல் காலமானார். பெண் வயிற்றுப் பேத்தி குல்சூம் பிற்காலத்தில் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் மனைவியானார். தாத்தா அதைப் பார்க்க இருக்கவில்லை.

மாஸ்டருக்குக் காமாவைவிடத் தாராசிங்கைத்தான் பிடிக்கும். காரணமும் சொன்னார். தாராசிங் ஆரம்பத்தில் மில் வேலை பார்த்தவராம். அது சரியான தகவல்தான். பஞ்சாபில் விடலைப் பருவத்திலேயே கல்யாணமாகி, பிள்ளையும் பிறந்து, பிழைப்புக்காக 1947-ல் சிங்கப்பூர் போய், டிரம் செய்கிற ஆலையில் வேலை பார்த்துக்கொண்டேதான் அவர் குஸ்தி பழகினார். 1954-ல் ருஸ்தம்-இ-ஹிந்த்; 1968-ல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸை வென்று உலக சாம்பியன். 1961-ல் இரண்டாவது கல்யாணம். நம் தேவரைப் போலவே அவரும் சினிமாவுக்குப் போனார். தம்பி ரந்தாவாவும் கூடப் போனார். டெலிவிஷன் ராமாயணத்தில் அநுமாராக வந்தபோது அறுபதை நெருங்கிவிட்டார். ராஜ்ய சபையில் ஆறு வருஷம் அங்கத்தினராக இருந்து, 2012-ல் பம்பாயில் பிள்ளை குட்டிகள் சூழக் காலமானார்.

அவரோடு ஊர் ஊராக மோதிய கிங்காங்கின் கதை வேறு. எமில் சாயா என்ற ஹங்கேரிக்காரர் அவர். நானூறு பவுண்டுக்கு மேல் எடை. இந்தியா, சிங்கப்பூர், மலேயா என்று வாழ்க்கை முழுவதும் பிரயாணம். அறுபது வயதிலும் கோதாவை விட்டு இறங்கவில்லை. மோட்டார் விபத்தில் காயம்பட்டு 1970-ல் சிங்கப்பூரில் இறந்து போனார். ஜனங்கள் காசு கொடுத்து அவரைப் பார்க்கப் போனது அவர் தோற்பதைப் பார்ப்பதற்காகத்தான். தோற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை காலம் குடும்பம் நடத்த முடியும் என்று நான் யோசித்ததுண்டு.

“அதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்ட குஸ்தி என்கிறார்களே, மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“பேசி வெச்சா என்னங்க? நானூறு பவுண்டு ஆள் மேல வந்து வுழுந்தா, பேசி வெச்ச வலியா வலிக்கும்?”

அதுவரை உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, இதற்குச் சிரித்தது கேட்டது. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, நிலைப்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

பேச்சு மறுபடியும் பாலுக்கு வந்தது. அந்த அம்மாள் முதல் பிரசவத்துக்கு இருந்தபோது, ஆஸ்பத்திரியில் தினம் கால் லிட்டர் பால் சாப்பிடச் சொன்னார்களாம். வீட்டில் வந்து அதைச் சொல்லவில்லை. வழக்கம்போல ஒரு லிட்டரும் அவருக்குத்தான் போயிற்று. ஒரு நாள் பொழுதோடு மாஸ்டர் சற்று முன்னதாக வேலை முடிந்து வந்திருக்கிறார். பால் காய்ச்சிய குண்டாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரலால் சுற்றிலும் கழுவி, அந்த வெள்ளைத் தண்ணீரை அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

கதை எழுதுகிறவனாக இருந்தால், அன்றோடு அவர் குஸ்தியை விட்டுவிட்டார் என்று எழுதுவேன். மாஸ்டருக்கும் அது தெரிந்திருக்கிறது.

“அன்னிக்கே நிறுத்திப்போட்டன்னு சொன்னா நல்லாத்தானுங்க இருக்கும். நிறுத்தலைங்க. அடுத்த நோம்பிக்கு அச்சாரம் வாங்கியிருந்தன். ஒரு வருசம் போட்டனுங்க, அதுக்கப்பறமும்.”

“ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க,” என்றார் அந்த அம்மாள். “தோள்பட்டை எறங்குனதுனாலதான நிறுத்துனீங்க?”

“ஆமா. அதுந்தான்.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “நான் நிறுத்தச் சொல்லி ஒரு நாளும் சொன்னதில்லீங்க. எங்க வளவுல எனக்குப் பயில்வான் பொண்டாட்டின்னு பேரு. தண்ணிக் கொழாய்ல எங்கொடத்தை யாரும் நகத்த மாட்டாங்க. கடன் குடுத்தவங்க கூட வாசல்ல நின்னு மெதுவாத்தான் கேப்பாங்க. அந்த மருவாதி கால் லிட்டர் பாலுக்குக் கெடைக்குமுங்களா?”

இந்த இடத்தில் எனக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. கிளம்பியபோது பயில்வானின் மனைவி பாவம் என்று ஒரு தீர்மானம் மனசில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். பிளான்ச் அம்மாள் எதனால் கல் வைக்கவில்லையோ. இந்த அம்மாள் அந்தக் கௌரவத்தில் தனக்கும் பங்கு எழுதிக்கொண்டவள். ஆனாலும் குண்டாத் தண்ணீர் குண்டாத் தண்ணீர்தான். அந்தக் குழந்தை நாலே கால் பவுண்டு எடையில் பிறந்தது என்பதையும் அவர்தான் சொன்னார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தோள் இறங்கிய பிறகு மாஸ்டர் கட்டிங் பழகினார். துணியைப் பத்து இருபது மடிப்பாக அடுக்கி, மேலே அட்டையை வைத்து, பெரிய கத்தரியால் கையாலேயே வெட்டிய காலம் அது. இடது தோள்தான் கெட்டது. வலது மணிக்கட்டில் பழைய பிடி அப்படியே இருந்தது. மற்றவர்கள் நாளுக்கு வெட்டுவதில் ஒன்றரைப் பங்கு இவர் வெட்டினார். இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் படிக்க வைத்தது அந்த மணிக்கட்டுத்தான். மில்லில் ஒரு கோஷ்டி, கோதாவில் ஒரு கோஷ்டி என்று நாம் பிரித்துப் பார்ப்பதெல்லாம் சும்மா. எத்தனையோ பயில்வான்களின் பிடி இப்படிக் கத்தரியிலும், மூட்டை தூக்குகிற தோளிலும், வண்டி ஓட்டுகிற கையிலும் போய் அடையாளம் தெரியாமல் கலந்துவிட்டது. சினிமாவுக்குப் போனவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்கள் பெயர்தான் நமக்குத் தெரியும்.

நாலே கால் பவுண்டுக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. பதினைந்து பவர் டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து, ஏதோ கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு, “வாங்க” என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேகமாகப் போனார். நல்ல ஆகிருதி. சனிக்கிழமை, கூலி போட வேண்டிய நாள். சாண்டோ பனியன் தைப்பதில்லையாம்; அதில் கிடைக்கிற கூலி கட்டாது, பெண்கள் உடுப்புத்தான் என்றார் மாஸ்டர்.

சற்று நேரத்தில் எனக்கு டீ வந்தது. மாஸ்டருக்கு மட்டும் பெரிய பித்தளைத் தம்ளரில் பால். சர்க்கரை உடம்பு என்பதால் அரைத் தம்ளருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தம்ளர் விளிம்பு வரைக்கும் இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் குடிக்க ஆரம்பித்தார்.